மெல்லச் சொல்லும் பெயர்

எங்கள் வீட்டில் பெயரை உரக்கக் கூப்பிடுவதில்லை.
கதவை அடித்துச் சாத்துவதில்லை.
குக்கர் விசிலுக்கு முன்னால்
"இப்ப கூவப்போகுது" என்று
ஓர் அறிவித்தல் வரும்.

திடீரென்று சத்தம் கேட்டால்
சேயோனின் கால்கள் இரண்டும்
கத்தரிக்கோல் மாதிரிப் பூட்டிக்கொள்ளும்.
முழங்கால் இறுகும், குதி மேலே போகும்,
பிறகு நிலம்.

பலவீனம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
இல்லையாம்.
பிசியோ பெண் தன் கையைப் பொத்திக் காட்டினாள்:
இவன் தசைக்குப் பிடிக்கத் தெரியும்,
விடத்தான் தெரியாது.
அது தாய்வழிக் குணம் என்றார்
இவனுடைய அப்பா, காரில் வரும்போது.
பெம்பினா வீதி முடியும்வரை
நான் கதைக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கெண்டைக்காலில் ஊசி.
வலது கால்தான் கூடப் பிடிவாதம்.
அதற்கு இரவில் ஓர் அச்சு, பகலில் இன்னொன்று,
டைனோசர் படம் போட்டது.
அச்சின் மேல் சப்பாத்து ஏறாது.
ஆகவே இரண்டு சோடி வாங்குவோம்,
இடதுக்கு மூன்று, வலதுக்கு நாலரை.
மிஞ்சிய ஒற்றைகள் அலுமாரிக்குள்
தங்களுக்குள் சோடி சேர்ந்து கிடந்தன,
மரிசெல்லைச் சந்திக்கும்வரை.
மணிலாக்காரி. அவள் மகளுக்கு இடது கால்.
ஊசி அறைக்கு வெளியே
முகம் தெரியாத பெண்ணிடம்
முதல் வார்த்தையாய்ச் சப்பாத்து அளவு கேட்டேன்.
இப்போது வினிபெக்கின் இரண்டு மூலைகளில்
ஒரே நீலச் சப்பாத்து தேய்கிறது.

மாசி மாதம். சுழியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
நாலாம் வகுப்புக்காரன்
அம்மா பக்கத்தில் வரக்கூடாது என்றான்.
பத்தடி பின்னால் என்று பேசி முடித்தோம்.
வாக்கரின் சில்லுகளில் பனி கட்டியிருந்தது.
நான் பார்த்துக்கொண்டு போகவில்லை,
கேட்டுக்கொண்டு போனேன்:
டக், சர்ர். டக், சர்ர்.
வலது நுனி உரசுகிற அந்தச் சத்தத்தை
ஒரு சந்தைக்குள்ளும் பிரித்தெடுப்பேன்.

வெட்டிக் குவித்த பனி அவனைவிட உயரம்.
அதற்குப் பின்னாலிருந்து
ஒரு வெள்ளை வான் பின்பக்கமாய் வந்தது,
கண்ணாடி முழுக்க உறைபனி.

கூப்பிட்டால் விழுவான்.

கூப்பிட்டேன்.
ஒன்பது வருடம் தொண்டைக்குள் மடித்து வைத்த பெயர்
முழு நீளத்துக்கும் விரிந்து போனது.
கால்கள் பூட்டின.
வாக்கர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்,
சில்லுக்கும் அவனுக்கும் இடையில்
ஒரு முழம் பனி.
வான் தெருவில் ஏறித் திரும்பிப்
போய்விட்டது, ஒன்றும் தெரியாமல்.

விழுந்தால் தொடக்கூடாது, அது எங்கள் ஒப்பந்தம்.
கைகளைப் பைக்குள் விட்டேன்.
பைக்குள் அவை என்ன செய்தன என்பது வேறு கதை.
அவன் முதலில் காலைத் தளரவிட்டான்.
அதற்கே நேரம் எடுக்கும்,
கோபமாயிருந்தால் இன்னும் எடுக்கும்.
பிறகு ஒருக்களித்து, உள்ளங்கைகள் ஊன்றி,
இடது முழங்கால்,
வாக்கரின் தண்டு,
ஒரு தடவை வழுக்கி,
திரும்பவும் தண்டு.
தூரத்தில் பள்ளி மணி அடித்து ஓய்ந்தது.

"ஏன் கத்தினனீங்கள்?"
"வான்."
"எந்த வான்?"
தெரு வெறுமையாய்க் கிடந்தது.
சரியாகப் பத்தடி எண்ணிப்
பின்னால் போனேன்.

அன்றிரவு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன்.
"அம்மா!"
வீடு அதிர்ந்தது.
அவனுக்கு மட்டும் எங்கள் சட்டம் இல்லை,
எந்த நாளும் இல்லை.
தோள் காதுக்கு ஏறி, விரல்கள் கோப்பையைப் பூட்ட,
பாதித் தேத்தண்ணி அடுப்பில் சீறியது.

சார்ஜர் எங்கே என்று கேட்கத்தான் கூப்பிட்டானாம்.
சுவரைப் பிடித்து வாசலில் வந்து நின்றவன்
அடுப்பைப் பார்த்தான்.
இன்னும் கோப்பையை விடாத
என் விரல்களைப் பார்த்தான்.
பிறகு, மிக மெல்ல:

"உங்களுக்குமா?"